மரத்துப்போன இடம்

வரலாறு என்றால் அரசர்கள், போர்கள், உடன்படிக்கைகள் என்ற எண்ணம் உங்களுள் பலருக்கு இருக்கக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றையே கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவன் நான். ஆதலின் அவ்வெண்ணத்திற்கு நானும் ஓரளவு பொறுப்பாளியே. இன்று வேறொரு வரலாற்றைச் சொல்லப் புகுகின்றேன். மனித உடம்பில் வலி தோன்ற வேண்டிய இடத்தில் வலி தோன்றாமற்போனால், அதைக் கண்டு நின்ற பிறர் என்ன நினைத்தனர், என்ன செய்தனர் என்பதே அந்த வரலாறு.

இதை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், பங்குனி வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாத மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பில் இருந்தான். ஒருநாள் உடற்பயிற்சி ஆசிரியர் அவனை என் அறைக்கு அழைத்து வந்தார். அவன் கையில் பழைய தழும்புகளும் புதிய காயங்களும் இருந்தன. அவை அவன் தனக்குத் தானே உண்டாக்கிக்கொண்டவை. “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று கேட்டேன், பேசாமல் நின்றான். “வலிக்கவில்லையா?” என்றேன். “இல்லை, சார்” என்றான்.

அந்த விடை எனக்குச் சினத்தை மூட்டிற்று. காயம் கண்ணெதிரே இருக்கிறது, வலிக்கவில்லை என்கிறானே! இது திமிர், அல்லது நடிப்பு என்று முடிவு செய்தேன். மற்ற ஆசிரியர்கள் முன்னிலையில் அவனைக் கடிந்து பேசினேன். அவ்வாண்டு இறுதியில் அவன் பள்ளியை விட்டுச் சென்றான். மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிட்டவனும் நானே. அவன் பொய் சொல்லவில்லை, உண்மையையே சொல்லியிருக்கக்கூடும் என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் அறிந்தேன். என்னைப்போல் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் எத்தனையோ நூற்றாண்டுகளாக இருந்து வந்திருக்கிறார்கள் என்பதையும் அப்போதே அறிந்தேன். அவர்களுள் சிலர் கையில் ஊசியும் வைத்திருந்தனர்.

1649, 1650 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகருக்குச் செல்வோம். சூனியக்காரிகள் என்று ஐயுற்ற பெண்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்காக அந்நகர ஆட்சியாளர்கள் ஸ்காட்லாந்திலிருந்து ஒருவனை வரவழைத்தனர். ஒரு பெண் சூனியக்காரி என்று தீர்ப்பானால் அவனுக்குக் கூலி இருபது ஷில்லிங். ஊர் முழுவதும் மணியடித்துச் செய்தி அறிவிக்கப்பட்டது; முப்பது பெண்கள் நகர மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். அவன் கையாண்ட சோதனை அக்காலத்தில் ஐரோப்பாவின் பல பகுதிகளில் நடைமுறையில் இருந்ததுதான். பிசாசு தன் அடியாரின் உடம்பில் ஓர் அடையாளம் இடுகின்றது. அந்த இடத்தில் ஊசி குத்தினால் வலிக்காது, குருதியும் வராது என்று நம்பினர். ஆகவே ஊசியால் குத்திப் பார்ப்பர். அலறினால் பிழைத்தாள், அலறாவிட்டால் குற்றவாளி. வலியை உணராமையே அங்குச் சான்றாகிவிட்டது.

பலர் கூடிய மண்டபத்தில், ஆடை விலக்கப்பட்டு, அந்நியன் ஒருவன் கையில் ஊசியோடு நிற்க, ஒரு பெண் எந்நிலையில் இருந்திருப்பாள்? இதை அன்றே எண்ணிப் பார்த்த ஒருவர் அங்கு இருந்தார். அவர் ஹாப்சன் என்னும் படை அதிகாரி. நல்ல தோற்றமுடைய ஒரு பெண்ணை அச்சோதனைக்காரன் குத்தியபோது அவள் திகைத்து நின்றாளேயன்றி வேறொன்றும் உணர்ந்ததாகத் தெரியவில்லை, குருதியும் வரவில்லை. உடனே அவளைக் குற்றவாளி என்றான். ஹாப்சன் தடுத்தார். அச்சமும் நாணமும் சேர்ந்து அவளுடைய குருதியை உள்ளே சுருங்கச் செய்துவிட்டன என்று கருதிய அவர், அவளை மீண்டும் அழைத்து அதே சோதனையைச் செய்யுமாறு பணித்தார். இம்முறை குருதி பெருகியது. ஊசிக்காரன் அவளைக் குற்றமற்றவள் என்று விடுவிக்க நேர்ந்தது. இச்செய்தியை ரால்ப் கார்டினர் என்பவர் 1655இல் வெளியிட்ட ஒரு நூலில் காண்கிறோம். ஹாப்சனுடைய உடலியல் விளக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. குருதி அப்படி ஓரிடத்தில் போய் ஒடுங்குவதில்லை. ஆனால் அச்சமும் நாணமும் ஓர் உடம்பை மரக்கச் செய்யும் என்று அவர் கண்டாரே, அது மிகப் பெரிய காட்சி. அந்தப் பெண் பிழைத்தாள். மற்றவர்களுக்கு அந்நல்வாய்ப்புக் கிட்டவில்லை. 1650 ஆகஸ்டு மாதத்தில் அந்நகரில் பதினான்கு பெண்களும் ஓர் ஆடவனும் சூனியக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டனர்.

சூனியத்தை ஒரு குற்றமாகக் கருதித் தண்டிப்பதை 1735ஆம் ஆண்டின் சட்டம் பிரிட்டனில் முடித்து வைத்தது. நீதிமன்றத்தை விட்டு அகன்ற ஊசி, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து மருத்துவமனையில் தோன்றுகின்றது. பாரிசு நகரில் சால்பெட்ரியேர் என்னும் பெரிய மருத்துவமனை உண்டு. அங்கே 1870களிலும் 1880களிலும் புகழோடு விளங்கியவர் ஷார்க்கோ என்னும் நரம்பியல் மருத்துவர். ஹிஸ்டீரியா நோயினர் என்று கருதப்பட்ட பெண்களின் உடம்பில் எங்கெங்கே உணர்ச்சி இல்லை என்பதை அவரும் அவருடைய மாணாக்கர்களும் ஊசியால் தொட்டுத் தொட்டு வரைபடம் வரைந்தனர். உணர்விழந்த இடங்களுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஸ்டிக்மா’ என்பது. சூடிட்ட வடு என்பது அச்சொல்லின் பொருள். சூனிய வேட்டைக்காரரும் அச்சொல்லையே வழங்கினர். பழைய வழக்குகளில் பிசாசின் அடையாளம் எனப்பட்டது நோயின் அடையாளமே என்று ஷார்க்கோவின் குழுவினர் எடுத்துக்காட்டியது பெருமைக்குரியது. ஆனால் நோயாளிகளை மாணவர் கூட்டத்தின் நடுவே நிறுத்திக் காட்சிப்படுத்திய முறை பெருமைக்குரியதன்று. அவ்வுணர்விழப்பில் ஒரு பகுதி மருத்துவரின் எதிர்பார்ப்பாலேயே தோன்றியது என்று அவருடைய மாணவரான பாபின்ஸ்கியே பின்னாளில் வாதிட்டார்.

அந்தக் குழுவில் எனக்கு மிகவும் பிடித்தவர் பியேர் ழானே. அதற்கு ஒரு தன்னலக் காரணமும் உண்டு. அவர் முதலில் பள்ளி ஆசிரியர். ல ஹாவ்ர் என்னும் துறைமுக நகரில் தத்துவம் கற்பித்துக்கொண்டே, அவ்வூர் மருத்துவமனையின் நோயாளிகளை ஆராய்ந்து 1889இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அவர் செய்த ஒரு சோதனை மிக எளியது, ஆழமானது. உணர்ச்சியற்ற கையுடைய நோயாளியைக் கண்களை மூடச் செய்து, “நான் தொடுவதை உணர்ந்தால் ஆம் என்று சொல், உணராவிட்டால் இல்லை என்று சொல்” என்பார். நல்ல கையைத் தொட்டால் “ஆம்” என்ற விடை வரும். மரத்த கையைத் தொட்டால், தொடும்போதெல்லாம் தவறாமல் “இல்லை” என்ற விடை வரும்!

நண்பர்களே, சற்று நின்று சிந்தியுங்கள். ஒன்றுமே உணராதவர் தொட்ட அந்தக் கணத்தில் எவ்வாறு “இல்லை” என்று சொல்ல இயலும்? பொய் சொல்லுகிறார் என்று கூறிவிடுவது எளிது. ழானே அவ்வாறு கூறவில்லை. உணர்ச்சி உடம்பில் நிகழ்கின்றது. ஆனால் ‘நான்’ என்ற உணர்வோடு அது வந்து சேரவில்லை என்றார். தாங்கவொண்ணாத அதிர்ச்சியோ அச்சமோ நேர்ந்தவருடைய மனம், தன் அனுபவத்தின் ஒரு பகுதியைத் தன்னிடமிருந்தே துண்டித்து வைக்கின்றது என்பது அவர் கொள்கை. நம் தமிழில் ‘கை மரத்துப்போயிற்று’ என்கிறோம். ‘நெஞ்சு மரத்துப்போயிற்று’ என்றும் சொல்கிறோம். இரண்டிற்கும் ஒரே சொல்லை ஆண்ட நம் முன்னோர் ழானேயை வியந்திருக்கமாட்டார்கள்.

ஆயினும் காயத்தின் அளவே வலியின் அளவு என்ற எளிய கணக்கை மருத்துவ உலகம் விட்டுவிடவில்லை. அதை அசைத்தது இரண்டாம் உலகப் போர். ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மயக்க மருத்துவர், இத்தாலியப் போர்முனையில் கடுங்காயமுற்ற 215 வீரரை உசாவி, அதன் முடிவை 1946இல் வெளியிட்டார். எலும்பு முறிந்தவரும் வயிற்றில் குண்டு பாய்ந்தவரும் அவர்களுள் இருந்தனர். வலிக்கு மருந்து வேண்டும் என்று கேட்டவர் நான்கில் ஒரு பங்கினரே. மற்றவர்கள் நரம்பு கெட்டவர்கள் அல்லர். ஏனெனில் அதே வீரர்கள், ஊசி போடுபவர் நரம்பைத் தவறவிட்டால் மற்ற மனிதரைப் போலவே கூச்சலிட்டனர். காயத்தின் பொருள் என்ன என்பது வலியை மாற்றுகின்றது என்று பீச்சர் கண்டார். சாவின் வாயிலிருந்து மீண்டு வீடு திரும்பப் போகின்றவனுக்குக் காயம் ஒரு விடுதலைச் சீட்டு.

1965இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் இதற்கு ஓர் உடலியல் அடிப்படை தந்தனர். தோலிலிருந்து புறப்பட்ட செய்தி நேரே மூளைக்குச் சென்று மணியடிப்பதில்லை. தண்டுவடத்தில் அதற்கு ஒரு வாயிற்கதவு உண்டு. மேலிருந்து மூளை அனுப்பும் கட்டளைக்கு ஏற்ப அக்கதவு அகலத் திறக்கும், அல்லது ஒருக்களிக்கும். அதன் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்தது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் ஆகியோர், அபினைப்போல் செயற்படும் பொருள் மூளையிலேயே இயற்கையாக ஊறுவதைக் கண்டறிந்தனர்.

இனி என் அறையில் நின்ற மாணவனைப் போன்றவர்களிடம் வருவோம். 1938இல் நியூயார்க்கைச் சேர்ந்த அடால்ப் ஸ்டெர்ன் என்னும் உளப்பகுப்பு மருத்துவர் ஒரு வகை நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் சிறு மனநோய் என்ற பிரிவிலும் அடங்கவில்லை. பெரும் பித்து என்ற பிரிவிலும் அடங்கவில்லை. இரண்டிற்கும் இடையேயுள்ள எல்லைக்கோட்டில் நின்றனர். அதனால் வந்த பெயரே எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அது முறைப்படி இடம்பெற்றது. கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற ஓயாத அச்சம், நொடிக்கு நொடி மாறும் உணர்ச்சிப் பெருக்கு, தான் யார் என்பதிலேயே தெளிவின்மை ஆகியவை அதன் குறிகளிற் சில. இவர்களுள் பலர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்கின்றனர். ஸ்டெர்ன் தம் கட்டுரையில் இவர்களுடைய குறிகளுள் ஒன்றாக அளவுகடந்த கூருணர்ச்சியைக் குறித்துள்ளார். ஒரு சுடுசொல், ஒரு முகத்திருப்பல் போதும், துடித்துப்போவர். அவ்வளவு கூருணர்ச்சி உடையவர்கள், காயம் பட்ட பொழுதில் வலியே தெரியவில்லை என்று சொல்கிறார்கள். எல்லாரும் அல்லர், ஆனால் பலர் சொல்கிறார்கள். சொல்லால் சுடப்படுவோர் காயத்தால் வலிக்கப்படாதிருப்பது எங்ஙனம்?

பல்லாண்டுக்காலம் மருத்துவமனைகளிற்கூட இதற்குக் கிடைத்த விடை நான் அந்த மாணவனுக்குச் சொன்ன விடையே: பிறர் கவனத்தை ஈர்க்கச் செய்யும் தந்திரம் இது. நெடுங்காலம் இவ்விதம் பேசிய பிறகே, உண்மையில் வலிக்கிறதா இல்லையா என்று முறையாக அளந்து பார்க்கத் தலைப்பட்டனர். ஜெர்மனியில் மார்ட்டின் போகுஸ் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. வலியை அளப்பதற்கென ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் தீங்கற்ற சோதனைகளை இந்நோயுடைய பெண்களிடம் செய்தனர். ஒருமுறை அவர்கள் அமைதியாக இருந்தபோது. மற்றொருமுறை அவர்கள் கடும் மனவேதனையில் இருந்ததாகச் சொன்னபோது. அமைதியாக இருக்கையிலேயே மற்றவரைக் காட்டிலும் வலியைக் குறைவாக உணர்ந்தனர். மனவேதனை மிகுந்தபோது உடல் உணர்ந்த வலி இன்னும் குறைந்தது.

தோலிலோ நரம்பிலோ பழுது இருக்குமோ? கிறிஸ்டியன் ஷ்மால் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2004இல் அதை ஆராய்ந்தனர். சிறு வெப்பக் கதிரைக் கையில் செலுத்தி, எங்கே பட்டது என்று வேறுபடுத்திச் சொல்லச் சொன்னபோது நோயாளிகள் மற்றவர்களைப் போலவே சரியாகச் சொன்னார்கள். செய்தி பழுதின்றி மூளைக்குச் சென்று சேர்கின்றது. அங்குத்தான் அது வலியாக மாறாமல் தடுக்கப்படுகின்றது. 2006இல் அவர்கள் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, நெற்றிக்குப் பின்னுள்ள கட்டுப்பாட்டுப் பகுதி மிகுதியாக இயங்குவதையும், உணர்ச்சிக்கு உறைவிடமான அமிக்டலா என்னும் பகுதி அடங்கிக் கிடப்பதையும் கண்டனர். ழானே கண்ணை மூடச் செய்து கண்டறிந்ததற்கு நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து ஒரு படம் கிடைத்தது போலும். தன்னை விட்டுத் தானே விலகி நிற்பது போன்ற மனநிலை மிகுந்த வேளையில் உணர்விழப்பும் மிகுகின்றது என்பதும் தெரியவந்தது.

இதிலிருந்து ஒரு தவறான முடிவுக்கு எவரும் வந்துவிடலாகாது. வலி தெரியாமை வீரமன்று. அது நோவின் மிகுதி. காயப்படுத்திக்கொள்வது அந்த நோவைத் தீர்ப்பதுமில்லை. சிறிது நேரம் இறுக்கம் தளர்ந்ததுபோல் தோன்றினாலும், வெட்கமும் தனிமையும் சேர்ந்து பழைய வேதனை பெருகித் திரும்புகிறது என்பதை நோயாளிகளே சொல்கிறார்கள். வலி என்னும் காவலன் உறங்கும்போது உடம்புக்கு வரும் தீங்கோ உண்மையானது.

2009இல் அதே ஜெர்மானியக் குழுவினர் வெளியிட்ட மற்றொரு முடிவை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன். தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட்ட நோயாளிகளைத் தனியே எடுத்துச் சோதித்தனர். அவர்களுடைய வலியுணர்ச்சி, விடாதவர்களுடையதைவிடக் கூர்மையாகவும், நலமுள்ளவர்களுடையதை நோக்கி நெருங்கியும் இருந்தது. மரத்த இடம் மரத்தபடியே கிடக்க வேண்டுவதில்லை. அமெரிக்காவில் மேரி சனாரினி என்பவர் இந்நோயுடைய 290 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார். பத்தாண்டுகளுக்குள் அவர்களுள் நூற்றுக்கு 93 பேருக்கு நோய்க்குறிகள் குறைந்தது ஈராண்டுக் காலமாவது நீங்கியிருந்தன என்று 2010இல் எழுதினார். தீராத நோய் என்று நெடுநாள் கைகழுவப்பட்ட ஒன்று இது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

இதைக் கேட்போருள், அல்லது உங்கள் பக்கத்து இருக்கையில் அமரும் தோழருள், இந்த நிலையில் எவரேனும் இருக்கலாம். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எல்லாருக்கும் இந்நோய்தான் என்று கொள்ளற்க. அந்த மாணவனுக்கு என்ன இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது, பெயர் சூட்டுவது மருத்துவர் வேலை. நம்பத்தகுந்த பெரியவர் ஒருவரிடம் சொல்லலாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். என் பள்ளிக்காலத்தில் இத்தகைய எண் ஒன்றும் இல்லை. இருந்தது தலைமையாசிரியர் அறையும் பிரம்பும்.

முடிக்குமுன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்நோய்க்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் பேச்சுச் சிகிச்சை ஒன்றை வகுத்தவர், சியாட்டில் நகரில் பேராசிரியராக இருந்த மார்ஷா லினஹன் அம்மையார். உடல் முழுதும் தீப்புண் பட்டவரைப் போல இந்நோயினர் மனத்தளவில் தோலின்றி வாழ்கின்றனர் என்று அவர் விளக்கினார். வேதனையை முதலில் உண்மை என்று ஏற்றுக்கொள்ளுதல், பின்பு அதைத் தாங்கும் திறன்களைப் பாடம்போல் ஒவ்வொன்றாகக் கற்பித்தல் என்ற இரண்டும் அவர் முறையில் இணைந்துள்ளன. ஓராண்டு இச்சிகிச்சை பெற்றவர்கள் தம்மைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது என்பதை 1991இல் சோதனை வழியாக நிறுவினார். ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், வீட்டுப்பாடமும் பயிற்சி ஏடும் உடைய ஒரு மருத்துவம் உண்டு என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2011ஆம் ஆண்டில், அறுபத்தெட்டாம் வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து மருத்துவமனை ஒன்றில் நண்பர்களும் உறவினரும் மருத்துவர்களும் கூடியிருந்த அவையில் அவர் பேசினார். அதே மருத்துவமனையில் 1961இல், தம் பதினேழாம் வயதில், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட நோயாளியாகச் சேர்க்கப்பட்டு, ஈராண்டுக்கு மேல் தங்கியிருந்ததை முதன்முதலாக வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை ஆண்டு மறைத்து வைத்ததை அப்போது சொல்லக் காரணம் என்ன? அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண், அவர் கையில் இருந்த பழைய வடுக்களைக் கவனித்திருந்தாள். அவள் அவரை நோக்கி, நீங்களும் எங்களில் ஒருவர்தானா என்று கேட்டாளாம்.